கார்டிஃப் அலாட்மென்டில் வெள்ளை ஸ்லக்: மண்புழு தின்னும் பேய் நத்தையா? கொல்வதா, விடுவதா?

மல்லி_கார்டிஃப்:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்லக் என்கிற ஓடில்லாத நத்தைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

வேல்ஸில் இருக்கும் கார்டிஃபில் ஒரு அலாட்மென்ட், அதாவது காய்கறி போட வாடகைக்கு எடுத்த துண்டு நிலம், வைத்திருக்கிறேன். கைக்கு வந்தபோது வெறும் களிமண். மழை பெய்தால் நாள் கணக்கில் தண்ணீர் வடியாது, வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இலைமட்கு, குதிரைச் சாணம், வீட்டுக் காய்கறிக் கழிவு என்று வருடா வருடம் போட்டு இப்போதுதான் மண் பொலபொலவென்று ஆகியிருக்கிறது. ஃபோர்க்கைக் குத்தித் திருப்பினால் மண்புழு இல்லாத கட்டியே இல்லை. இந்தத் தோட்டத்தில் நான் சம்பாதித்தது என்ன என்று கேட்டால் காய்கறிக்கு முன்னால் அந்தப் புழுக்களைத்தான் சொல்வேன்.

கடைசி உருளைக்கிழங்கு வரிசையைக் கிளறும்போது ஒரு சாண் ஆழத்தில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. தொட்டதும் சுருங்கியது. உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தேன், மெதுவாக நீண்டு என் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்தது. ஸ்லக்தான். ஆனால் இங்கே கீரையைத் தின்று தீர்க்கும் பழுப்பு, சாம்பல் ஸ்லக்குகள் எதைப் போலவும் இல்லை. உடம்பு முழுக்க வெள்ளை, அங்கங்கே உள்ளிருப்பது மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய தோல். தலைக்குப் பின்னால் வழக்கமாக இருக்கும் அந்தத் தடித்த பகுதி இல்லை. கொம்பு இருக்கிறது, ஆனால் நுனியில் கறுப்புப் புள்ளி கண்ணில் படவில்லை.

ஈர மண்ணோடு ஒரு ஜாம் ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவு சின்ன மண்புழு ஒன்றை உள்ளே விட்டேன். காலையில் ஜாடியைக் கொட்டிப் பார்த்தால் புழு இல்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, மூடியில் நான் போட்ட துளைகள் ஊசி போகும் அளவுதான்.

பக்கத்து நிலத்துப் பெரியவர் வேல்ஸ்காரர், ரொம்ப நல்ல மனிதர். அவர் பார்த்ததும், "கோஸ்ட் ஸ்லக்! மண்வெட்டியால் இரண்டாக வெட்டிப் போடு, இல்லாவிட்டால் உன் புழுவெல்லாம் போச்சு" என்றார். எனக்குக் கை வரவில்லை. புழுக்களை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. இது உண்மையிலேயே அந்தப் பேய் நத்தைதானா? கொல்ல வேண்டுமா? யாரிடமாவது சொல்ல வேண்டுமா?


கரிசல்மண்:

மல்லி அக்கா, முதலில் அந்த ஜாடியைக் குளிர்ச்சியான, இருட்டான இடத்துக்கு மாற்றுங்கள். ஜன்னல் ஓரம் வேண்டாம். மண் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. கொல்வதைப் பற்றி அப்புறம் பேசலாம். அது என்ன என்று முதலில் தெரியட்டும்.

நான் நியூபோர்ட் பக்கம் இருக்கிறேன். நத்தை, ஸ்லக் எங்கே எது இருக்கிறது என்று பதிவு செய்வதில் பெரிய ஆர்வம். மழை விட்ட இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நீங்கள் எழுதிய அடையாளங்களைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

மண்ணுக்குள் வெளுப்பாகக் கிடைப்பதெல்லாம் பேய் நத்தை இல்லை. சாதாரண வயல் ஸ்லக்கிலேயே வெளிறியவை உண்டு. பல இனங்களின் குட்டிகளும் வெளுத்துத்தான் இருக்கும். எனக்கு வருகிற படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகவோ, இல்லாவிட்டால் போட்கெரில்லா பாலென்ஸ் என்கிற புழு ஸ்லக்காகவோ இருக்கும். பிரிட்டனில் 1972ல்தான் இந்தப் புழு ஸ்லக்கை முதன்முதலில் பதிவு செய்தார்கள். மெலிந்த உடம்பு, நீலம் கலந்த சாம்பல் நிறம், முதுகு நெடுக வால் வரை ஒரு கூர்மையான விளிம்பு. அதுவும் மண்ணுக்குள்தான் இருக்கும், கிழங்கு தோண்டும்போது அகப்படும். ஆனால் அதற்குக் கண் உண்டு, முதுகு மடிப்பும் மற்ற ஸ்லக்குகளுக்கு இருப்பது போல முன்பக்கம்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது வாலை. மற்ற ஸ்லக்குகளுக்குத் தலையை ஒட்டி முதுகில் தனியாக ஒரு தோல் மடிப்பு இருக்கும், அதன் வலப்பக்கம் மூச்சுத் துளை. பேய் நத்தையில் அந்த மடிப்பு மொத்தமாகப் பின்னால் போய், வால் நுனியில் ஒரு சின்ன வட்டத் தட்டாகச் சுருங்கியிருக்கும். மூச்சுத் துளையும் அங்கேதான். பொறுமையாகப் பார்த்தால் அந்தத் துளை திறந்து மூடுவது தெரியும். அப்புறம் கொம்பு. நீளமான இரண்டு கொம்புகளின் நுனியில் மற்றவற்றுக்குக் கண் இருக்கும், அதுதான் நாம் பார்க்கிற கறுப்புப் புள்ளி. இதற்கு அது கிடையாது. மண்ணுக்குள்ளேயே, ஒரு மீட்டர் ஆழம் வரைகூட, இருட்டில் வாழ்கிற உயிர். நிறமும் கண்ணும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

டெஸ்டசெல்லா என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. அதுவும் மண்புழு தின்னும், அதுவும் மண்ணுக்குள்தான். பிரிட்டனில் வெகுகாலமாகத் தெரிந்தது. அதன் வாலில் சின்னதாக ஒரு ஓடு ஒட்டிக்கொண்டிருக்கும், விரல் நகம் அளவுக்கு. அந்த ஓட்டிலிருந்து உடம்பின் இரண்டு பக்கமும் முன்னோக்கி இரண்டு கோடுகள் ஓடும். உங்களுடையதில் வெளியே ஓடு தெரிந்தால் அது டெஸ்டசெல்லா. ஓடே இல்லாமல் வட்டத் தட்டு மட்டும் இருந்தால் நீங்கள் வைத்திருப்பது பேய் நத்தைதான், செலினோகிளமிஸ் இஸ்பிரிடா.

அப்படியிருந்தால் அந்த ஜாடிக்குள் இருப்பது உங்கள் ஊரிலேயே அறிவியலுக்கு அறிமுகமான உயிர். கார்டிஃபில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடைத்ததை வைத்து, அங்கே தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பென் ரௌசனும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பில் சிமண்ட்சனும் 2008ல் இதைப் புது இனம் என்று விவரித்து எழுதினார்கள். காடு, மலை, ஆழ்கடல் எங்கும் போகவில்லை. மக்கள் நெருங்கி வாழ்கிற ஒரு நகரத்தில், தினமும் மண்ணைக் கிளறுகிறவர்களின் காலடியில், பெயரே இல்லாமல் ஒரு உயிர் இருந்திருக்கிறது! அடுத்த வருடம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த அந்த ஆண்டின் பத்துப் புது உயிரினங்கள் பட்டியலில் இதற்கும் இடம் கிடைத்தது. கேமரூனில் கண்டுபிடித்த, காஃபின் இல்லாத காபிச் செடியும் அதே பட்டியலில் இருந்தது.

படம் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, வாலை மட்டும் நெருக்கமாக ஒன்று, நீண்டிருக்கும்போது அளவுகோலை அருகில் வைத்து ஒன்று. ஃப்ளாஷ் போட்டால் வெள்ளை உடம்பில் எதுவும் தெரியாது, மேகமூட்டமான பகல் வெளிச்சம் போதும்.


கிளாஸ்கோ_சேகர்:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேச வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். மண்புழு தின்கிற வந்தேறி எப்படியிருக்கும் என்று எங்கள் தோட்டத்தில் கண்ணால் பார்க்கிறேன். நியூசிலாந்துத் தட்டைப்புழு. ஸ்லக் இல்லை, கொம்பு கிடையாது, மூச்சுத் துளை கிடையாது. இரண்டு முனையும் கூர்மையாக, தட்டையாக, மேலே கரும்பழுப்பு, ஓரத்தில் வெளிர் மஞ்சள். பகலில் தொட்டிக்கு அடியிலோ கல்லுக்கு அடியிலோ சுருண்டு கிடக்கும். மண்புழு மேல் படுத்துக்கொண்டு, செரிக்கவைக்கும் சாற்றை அதன் மேலேயே விட்டு, கரைந்ததை உறிஞ்சிவிடும். 1963ல் பெல்ஃபாஸ்டில் முதன்முதலில் கண்டார்கள். அப்புறம் செடித்தொட்டி மண்ணோடு வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து எங்கும் பரவிவிட்டது. அது இருக்கும் நிலங்களில் ஆழமாக வளை தோண்டும் பெரிய மண்புழுக்கள் குறைகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் புழுக்கள் போட்டு வைக்கும் வளைகள் வழியாகத்தான் மழைநீர் கீழே இறங்குகிறது. புழு போனால் நிலத்தில் தண்ணீர் நிற்கிறது. உங்கள் களிமண்ணில் அது என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும் அக்கா.

எங்கள் புல்தரையில் முன்பெல்லாம் காலையில் புழு தள்ளிய மண் சின்னச் சின்னக் குவியலாகக் கிடக்கும். இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். தட்டைப்புழு முதன்முதலில் கண்ணில் பட்ட நாளிலேயே அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்திருக்கலாமே என்று இன்றும் எனக்கு ஆதங்கம் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். இந்தப் பேய் நத்தையும் வெளியிலிருந்து வந்தது என்றுதானே சொல்கிறார்கள்? அரிது என்பதற்காக மட்டும் விட்டுவைப்பது சரியா?


மல்லி_கார்டிஃப்:

இரண்டு பேருக்கும் நன்றி.

வாலைப் பார்த்தேன் கரிசல்மண் தம்பி. ஓடு இல்லை. வால் நுனியில் சின்ன வட்டமாக, உடம்பைவிடக் கொஞ்சம் மங்கலான தட்டு இருக்கிறது, அதன் ஓரத்தில் துளை. அது திறந்து மூடுவதை என் மகனும் நானும் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கொம்பு நான்கும் வெள்ளை, புள்ளி எதுவும் இல்லை. முதுகில் விளிம்பும் இல்லை. அப்போது அதுதான், இல்லையா?

நேற்று இரவு இன்னொரு புழு விட்டோம். கொடுமை என்று சிலருக்குத் தோன்றலாம், ஆனால் அது எப்படித் தின்கிறது என்று பார்க்காமல் எங்களால் இருக்க முடியவில்லை. சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். நத்தை அவசரமே படவில்லை. புழுவின் மேல் தலை பட்டதும் நின்றது, அப்புறம் பிடித்துக்கொண்டது. புழு திமிறியது, விடுபட முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. நத்தையிடம் அவ்வளவு பலத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

சேகர் கேட்டதுதான் எனக்கும் கேள்வி. இது எங்கிருந்து வந்தது? வந்தேறி என்றால் ஏன் காப்பாற்ற வேண்டும்? எனக்கு நிஜமாகவே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.


எக்ஸ்டர்_மீனா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு உரக்குழிக்கு அடியில் டெஸ்டசெல்லா இருக்கிறது, அதனால் இந்தத் திரியைப் படித்ததும் சந்தோஷமாகிவிட்டது. எங்களுடையது மஞ்சள் கலந்த நிறம், வாலில் ஓடு தெளிவாகத் தெரியும். பழைய பலகையைப் புரட்டினால் சில சமயம் பார்க்கலாம். ஈரமான வசந்தகால இரவுகளில் வெளியே வரும்.

ஒன்று மட்டும் சொல்ல ஆசை. அது அங்கே இருப்பது எனக்குத் தெரிந்து பல வருடம் ஆகிறது, எங்கள் உரக்குழியில் புழுவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. ஒரு தோட்டத்தை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்று தெரியும். இருந்தாலும் மல்லி அக்காவின் பயம் கொஞ்சம் குறையட்டும் என்று எழுதுகிறேன்.


கரிசல்மண்:

அக்கா, வாலில் வட்டத் தட்டு, வெளியே ஓடு இல்லை, கண் இல்லை, முதுகில் விளிம்பு இல்லை, புழுவைத் தின்கிறது. இதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பேய் நத்தைதான். படங்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள், அவர்கள் பார்த்து உறுதி செய்வதுதான் கணக்கு.

நீங்கள் பார்த்த அந்தப் பிடி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நத்தை, ஸ்லக் எல்லாவற்றுக்கும் வாய்க்குள் நாக்குப் போல ஒரு பட்டை உண்டு. அதில் வரிசை வரிசையாகப் பல். இலை தின்பவற்றுக்கு அந்தப் பற்கள் குட்டையாக, சுரண்டுவதற்கு ஏற்றதாக இருக்கும். பேய் நத்தைக்கு ஒவ்வொரு பல்லும் கத்தி அலகு வடிவம், அரை மில்லிமீட்டர் நீளம். ஸ்லக் உலகத்தில் அது பெரிய பல். வழுக்கிக்கொண்டு ஓடும் புழுவில் அவ்வளவும் ஒரே சமயத்தில் குத்தி இறங்கினால் எப்படி விடுபடும்? டெஸ்டசெல்லாவுக்கும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஆனால் இரண்டும் நெருங்கிய உறவு இல்லை, வெவ்வேறு குடும்பம். புழுவைத் துரத்தி மண்ணுக்குள் போன இரண்டு வம்சமும் தனித்தனியாக இதே உடம்பை அடைந்திருக்கின்றன. தலைப்பக்கம் மெலிந்து, மடிப்பும் மூச்சுத் துளையும் வாலுக்குப் போனது இரண்டிலும் நடந்திருக்கிறது. குறுகலான புழு வளைக்குள் தலையை நுழைக்கிற உயிருக்கு மூச்சுத் துளை பின்னால் இருப்பதுதான் வசதி. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த நத்தையின் மேல் தனிப் பிரியம்.

இனி சேகர் அண்ணன் கேள்வி. நியாயமான கேள்வி, சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்.

ஆமாம், இது வேல்ஸின் பூர்வீக உயிராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதன் குடும்பம் முழுவதும் ஊன் தின்னும் ஸ்லக்குகள்தான், அந்தக் குடும்பத்தின் வீடு காகசஸ் மலைகளும் அதைச் சுற்றிய பகுதிகளும். இதன் நெருங்கிய சொந்தமான செலினோகிளமிஸ் பாலிடாவும் அந்தப் பக்கம்தான். 2012ல் இதே இஸ்பிரிடா கிரைமியாவில் இருக்கிறது என்று ஆய்வுக் கட்டுரை வந்தது. கருங்கடல் ஓரம் ஒன்று, வேல்ஸில் ஒன்று, நடுவில் ஐரோப்பா முழுக்கக் காணோம். பனியுகத்தில் வேல்ஸின் பெரும்பகுதி பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. அப்போதிருந்து இங்கேயே ஒரு நத்தை தப்பிப் பிழைத்திருக்கும் என்று நம்புவது கடினம். இங்கே கிடைக்கிற இடங்களையும் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத பழைய காட்டில் இல்லை, தோட்டம், குடியிருப்பு ஓரம், ஊரை ஒட்டிய நிலம் என்று மனிதன் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிற இடங்களில்தான் அதிகம். செடித்தொட்டி மண்ணோடு வந்திருக்கும் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் கொல்லலாமே என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். வந்தது வேறு, கெடுத்தது வேறு. தட்டைப்புழு கெடுத்தது என்பதற்கு ஆய்வு இருக்கிறது, கண்ணெதிரே ஸ்காட்லாந்து நிலங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்தால் நானும் அழிக்கத்தான் சொல்வேன். பேய் நத்தை பெயர் பெற்ற 2008லிருந்து தென் வேல்ஸில் பலரும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கார்டிஃப், கேர்ஃபில்லி, நியூபோர்ட் என்று புது இடங்கள் தெரிய வந்தன. இதனால் மண்புழு குறைந்தது என்று காட்டிய ஆய்வு எதையும் இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. புழு தின்கிறது என்பது உண்மை. குருவியும் தின்கிறது, முள்ளெலியும் தின்கிறது, டெஸ்டசெல்லாவும் தின்கிறது. அக்காவின் மண்ணில் இந்த நத்தை உயிரோடு இருக்கிறது என்றாலே அங்கே புழு நிறைய இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிசு. கிரைமியாவில் இது எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று போய்ப் பார்க்கிற நிலைமை இப்போது யாருக்கும் இல்லை. உலகத்தில் இந்த இனத்தைப் பக்கத்தில் இருந்து கவனிக்க முடிகிற இடம் தென் வேல்ஸ்தான். அதுவும் ஆய்வாளர்கள் ஊர் ஊராகத் தோண்டிக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணில் படாமல் மண்ணுக்குள் இருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர் கையில் அகப்பட்டால்தான் உண்டு. பார்த்ததும் மண்வெட்டியை எடுத்தால் அந்த இடத்தில் இது இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒருவேளை நாளைக்கு இது புழுக்களுக்குக் கெடுதல் என்றே தெரியவந்தாலும், எங்கே எப்போது இருந்தது என்ற பதிவு இல்லாமல் என்ன செய்ய முடியும் சேகர் அண்ணா?

ஒரே ஒரு கட்டுப்பாடு. அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடக் கூடாது. எடுத்த அதே பாத்தியில் விடுங்கள். உங்கள் நிலத்து மண்ணோ, மண்ணோடு செடியோ யாருக்கும் கொடுக்காதீர்கள், குறிப்பாக வேல்ஸுக்கு வெளியே. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வேரைக் கழுவிக் கொடுங்கள்.


கிளாஸ்கோ_சேகர்:

தம்பி, பதிவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் பகுதியில் தட்டைப்புழு எந்த வருடம் எந்தத் தெருவுக்கு வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் இன்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் ‘இதுவரை கெடுதல் தெரியவில்லை’ என்பதை ‘கெடுதல் இல்லை’ என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மல்லி அக்கா, விடுங்கள், ஆனால் புழுவை எண்ணுங்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஒரே அளவு குழி, ஒரே ஆழம், அதே பாத்தியில் ஒன்று, தூரத்துப் பாத்தியில் ஒன்று. எத்தனை புழு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரிய ஆழப் புழுக்களைத் தனியாகக் குறியுங்கள். குறைந்தால் முதலில் தெரிவது உங்களுக்குத்தான்.


கரிசல்மண்:

அண்ணா சொன்னது நல்ல யோசனை. பல தோட்டத்தில் இப்படி எழுதி வைத்தால் இந்தக் கேள்விக்கே பதில் கிடைக்கும்.


மல்லி_கார்டிஃப்:

முடிவு எடுத்துவிட்டேன். படங்களை அனுப்பியாயிற்று. தேதி, இடம், ஆழம், பக்கத்தில் என்ன பயிர், மண் எப்படி எல்லாம் எழுதியிருக்கிறேன். உயிரினங்களைப் பார்த்த விவரம் பதிவு செய்யும் ஐரெக்கார்ட் தளத்திலும் மகன் பதிவு செய்தான். நத்தையை எடுத்த வரிசையிலேயே விட்டோம், அங்கே ஒரு குச்சி நட்டிருக்கிறேன். அந்தப் பாத்தியை இந்தக் குளிர்காலத்தில் கிளறப் போவதில்லை, மேலே இலைமட்கு மட்டும் போட்டு விட்டுவிடுவேன். சேகர் சொன்ன மாதிரி குழி தோண்டிப் புழு எண்ணுவது தூரத்துப் பாத்தியிலிருந்து தொடங்கும், நோட்டு வாங்கிவிட்டேன்.

பக்கத்து நிலத்துப் பெரியவரிடமும் பேசினேன். அவருக்கு அரை மனசுதான். ஆனால் அவர் நிலத்தில் கிடைத்தால் வெட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கடைசியாக ஒரு சந்தேகம். வசந்தத்தில் கீரை நாற்று வைக்கும்போது சாதாரண ஸ்லக் தொல்லை தாங்காது. இதுவரை ஸ்லக் குருணை போட்டிருக்கிறேன், ஒரு வருடம் தண்ணீரில் கலந்து ஊற்றும் நூற்புழு மருந்தும் ஊற்றினேன். இனி இவற்றால் பேய் நத்தைக்கு ஆபத்தா?


கரிசல்மண்:

உங்கள் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அக்கா.

குருணையில் மெட்டல்டிஹைடு என்கிற பழைய ஸ்லக் விஷம் இருந்தால் தொடவே வேண்டாம். பிரிட்டனில் திறந்தவெளியில் அதைப் போடுவது 2022 வசந்தத்திலிருந்து தடை. கொட்டகையில் பழைய டப்பா கிடந்தால் குப்பையில் வீசாமல் கவுன்சிலின் ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். இப்போது கடையில் கிடைப்பது இரும்பு பாஸ்பேட். தானிய மாவில் கலந்து, மண் மேல் தூவுவது. மாவுக்கு ஆசைப்பட்டு வருகிற ஸ்லக்குக்கான பொறி அது. மண்ணுக்குள் புழு தேடி அலைகிற ஒன்று அதைத் தேடி மேலே வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்றைச் சுற்றிக் கொஞ்சமாகத் தூவினால் போதும்.

நூற்புழு மருந்துதான் எனக்குக் கவலை. அது மண்ணுக்குள் இறங்கி, ஸ்லக்கின் உடம்புக்குள் புகுந்து கொல்வது. சாம்பல் வயல் ஸ்லக்கைக் குறிவைத்து விற்றாலும் வேறு இனங்களையும் தாக்கக் கூடியது. குச்சி நட்ட பாத்தியிலும் அதை ஒட்டிய பாத்திகளிலும் அதை ஊற்றாதீர்கள். அங்கே கீரை வைக்காமல் பூண்டு, லீக் மாதிரி ஸ்லக் அவ்வளவாகத் தொடாததை வையுங்கள். கீரையைத் தூரத்துப் பாத்திக்கு மாற்றிவிட்டு, இரவில் டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குங்கள். பொறுக்கும்போது ஒவ்வொன்றின் வாலையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வாளியில் போடுங்கள்.